தரங்கம்பாடிக் கோட்டைக்கு விளக்குத் திட்டம் போட்ட கதை

லைட்டிங் டிசைன் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு பழைய கட்டடத்தை எடுத்துக்கொண்டு, இரவில் அதற்கு எப்படி வெளிச்சம் கொடுப்பது என்று முழுத் திட்டம் தயாரிக்க வேண்டும். நான் தரங்கம்பாடியில் இருக்கும் டேனிஷ் கோட்டையை, அதாவது டான்ஸ்போர்க் கோட்டையை எடுத்தேன். இது மாணவத் திட்டம் மட்டுமே. அங்கே போனால் நான் வைத்த விளக்கு என்று ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் அளவெடுப்பு, ஒளி ஒத்திகை, வரைபடம், கடைசியில் நடுவர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது என எல்லாவற்றையும் முறையாகக் கடந்து வந்தேன். பழைய கட்டடங்களுக்கு விளக்கு போடும் வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

கோட்டையைப் பற்றிக் கொஞ்சம். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டு, டேனிஷ் கடற்படைத் தளபதி ஓவ் யெட்டெ கட்டத் தொடங்கியது. இரண்டு தளங்கள். கீழே கிடங்குகளும் வளைகூரை அறைகளும். மேலே ஆளுநர் குடியிருப்பு. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில், உள்ளே அருங்காட்சியகத்தோடு இருக்கிறது. விளக்குக்காரனுக்கு இதில் முக்கியமானவை மூன்று: செங்கல்லின் மேல் சுண்ணாம்புப் பூச்சு, கைக்கெட்டும் தூரத்தில் கடல், சுற்றிலும் இன்னும் இருட்டு மிச்சம் இருக்கிற சின்ன ஊர்.

முதலில் பகலில் போய்ப் பார்க்கச் சொன்னார் எங்கள் ஆசிரியர். ராத்திரி விளக்குக்குப் பகலில் என்ன வேலை என்றுதான் நினைத்தேன். கிழக்கே கடல் என்பதால் காலை வெயில் கடற்பக்கச் சுவரில் நேராக அடிக்கிறது. சாயங்காலம் ஊர்ப்பக்கச் சுவர்மேல் வெயில் சாய்வாக விழுந்து, மணல் நிறச் சுவர் கொஞ்ச நேரம் பழுத்துப்போய் நிற்கும். கோட்டை அழகு என்று ஊர்க்காரர்கள் மனதில் வைத்திருப்பது அந்த நேரத்தைத்தான். யாரைக் கேட்டாலும் "அஞ்சரை மணிக்கு வந்து பாருங்க" என்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து, எந்த நிறத்தில் ஒளி வர வேண்டும் என்ற கேள்விக்கு அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

ஒத்திகைக்கு அனுமதி கேட்டேன். ஆணி கூடாது, சுவரில் ஏணி சாத்தக் கூடாது, பூச்சின்மேல் வயர் உரசக் கூடாது என்ற நிபந்தனைகளோடு கிடைத்தது. மூன்றுமே நியாயமானவை. விளக்குகளை வெளியே தரையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவதாக முடிவானது. நல்ல ஃபிட்டிங்குகளைச் சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்து வரக் கட்டுப்படியாகவில்லை. அக்கம்பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கு சீரியல் செட் கட்டும் அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். ஜெனரேட்டர், எல்இடி பார் லைட்டுகள், கலர் தாள் எல்லாம் அவரிடமே இருந்தன. இந்தத் திட்டத்தில் எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் அவர்தான்.

இருட்டியதும் முதல் விளக்கைச் சுவருக்கு ஓர் அடி தள்ளி, மேல்நோக்கி வைத்தோம். பாடத்தில் இதற்கு கிரேசிங் என்று பெயர். ஒளி சுவரை உரசிக்கொண்டு போகும். கருங்கல் சுவராக இருந்தால் உளித்தடம் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். வேலூர், செஞ்சி மாதிரி இடங்களில் அது பிரமாதமாக இருக்கும். இங்கே சுண்ணாம்புப் பூச்சு. பகலில் கண்ணுக்கே தெரியாத ஒட்டுவேலை எல்லாம் வெளியே வந்துவிட்டது. எங்கே பூச்சு உப்பியிருக்கிறது, எங்கே பிற்பாடு பூசியிருக்கிறார்கள், எங்கே கரண்டி திரும்பியது என்பதுவரை ஒவ்வொன்றுக்கும் நீளமான நிழல்.

அண்ணன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது அம்மைத் தழும்பு முகத்துக்கு டார்ச் அடிச்ச மாதிரி இருக்கு. தள்ளி வைங்க."

தள்ளி வைத்தோம். ஏழெட்டு அடி போனதும் தழும்புகள் அடங்கின. ஆனால் சுவர் ஒரேயடியாகத் தட்டையாகிவிட்டது. கொத்தளத்தின் வளைவே காணோம். பிறகு ஒரு பக்கத்து விளக்கை மட்டும் எரியவிட்டு, தென்மேற்கு மூலையிலிருந்து சாய்வாக அடித்துப் பார்த்தோம். கொத்தளத்தின் ஒரு பக்கம் ஒளியிலும் மறுபக்கம் இருட்டிலும் போனதும் கட்டடத்துக்குக் கனம் வந்தது. சாயங்கால வெயில் செய்வதும் இதைத்தான். சுவர் முழுக்கச் சமமாக ஒளி வர வேண்டும் என்று வகுப்பில் படித்தது விளம்பரப் பலகைக்குப் பொருந்தும், கோட்டைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

நிறத்துக்கு வருகிறேன். வெள்ளை ஒளியின் சாயலைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். 4000 கெல்வின் வெள்ளையில் மணல் நிறச் சுவர் சாம்பல் பூத்துவிட்டது. 2700-இல் உயிர் வந்தது. 2200-இல் விளக்கெண்ணெய்த் தீபத்தின் சாயல். அண்ணன் சும்மா இருக்காமல் பச்சை, நீலம், ரோஸ் எல்லாம் ஒருமுறை ஓட்டிக் காட்டினார். நின்று வேடிக்கை பார்த்த பையன்கள் விசிலடித்தார்கள். உண்மையைச் சொன்னால் அந்த ஐந்து நிமிடம் எனக்கும் ஜாலியாகத்தான் இருந்தது. திருவிழா பத்து நாளில் முடிந்துவிடும் என்பதால் அந்த நிறங்களுக்கு அங்கே அழகு உண்டு. தினமும் ஒரே கட்டடத்தின்மேல் ஓடினால் கட்டடம் வெறும் திரையாகிவிடும்.

வேடிக்கை பார்த்தவர்களில் வயதான மீனவர் ஒருவர் இருந்தார். கடற்பக்கமும் இப்படித்தான் போடப்போகிறாயா என்று கேட்டார். அப்போது என் படத்தில் கடற்பக்கத்துக்கும் விளக்கு இருந்தது. அவர் சொன்னவை இரண்டு. ஒன்று, கரை விளக்குகளை அடையாளம் வைத்துத்தான் இரவில் படகைத் திருப்புகிறார்கள். புதிதாக ஒரு பெரிய வெளிச்சம் வந்தால் பழைய அடையாளமெல்லாம் அதில் அமுங்கிப்போகும். இரண்டு, ஆமை. தை பிறந்து பங்குனிவரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் கடற்கரை இது.

ஆமைக்கும் விளக்குக்கும் உள்ள உறவை அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தேன். ஆலிவ் ரிட்லி என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் இந்த ஆமையின் குஞ்சுகள், முட்டையிட்டுச் சுமார் 45 முதல் 60 நாட்களில் பெரும்பாலும் இரவில் மணலைக் கிளறி வெளியே வரும். எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அதுதான் கடல் என்று அவை ஓடும். இயற்கையான கடற்கரையில் அந்தக் கணக்கு சரி. கரையில் விளக்கு இருந்தால் ஊரைப் பார்த்து ஓடி, நாய்க்கும் காக்கைக்கும் வெயிலுக்கும் இரையாகும். நீலமும் பச்சையும் கலந்த வெள்ளை ஒளிதான் அவற்றை அதிகம் இழுக்கிறது. 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் கொண்ட ஆம்பர் (செம்மஞ்சள்), சிவப்பு ஒளியின் ஈர்ப்பு குறைவு. குறைவு என்றால் இல்லை என்று பொருளில்லை. கடற்பக்கச் சுவருக்கு ஆம்பர் போடலாமா என்று கொஞ்ச நாள் இழுபறியாக யோசித்துவிட்டு, அந்தப் பக்கத்துக்கு விளக்கே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். முட்டைப் பருவத்தில் மட்டும் அணைத்துவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். சுவிட்ச் ஒன்று இருந்தால் யாராவது ஒரு விஐபி வருகைக்கு அதைப் போடுவார்கள். விளக்கே இல்லாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

இனி ஊர்ப்பக்கம். எவ்வளவு வெளிச்சம்? சிஐஇ என்ற பன்னாட்டு ஒளியியல் ஆணையம், கட்டட முகப்பின் ஒளிர்வுக்கு, அதாவது கண்ணுக்கு அது எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதற்கு, ஊர்ப்புறங்களில் சதுர மீட்டருக்கு 5 கேண்டலா, நடுத்தர வெளிச்சமுள்ள பகுதிகளில் 10, பெருநகர மையங்களில் 25 என்று மேல்வரம்பு வைத்திருக்கிறது. தரங்கம்பாடிக்கு 5 என்று எடுத்தேன். பூச்சு சுமார் 40 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்தால், சுவரில் 40 லக்ஸ் (மேற்பரப்பில் விழும் ஒளியின் அளவு) விழுந்தாலே அந்த வரம்பு வந்துவிடும். ஒத்திகையில் 15 லக்ஸே தாராளமாக இருந்தது, சுற்றிலும் இருட்டு இருப்பதால். பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை எல்இடி பல்பு எரிந்தபோது மட்டும் கோட்டை மங்கலாகத் தெரிந்தது. கடையை மூடியதும் அதே சுவர் பளிச்சென்று ஆனது. கோட்டைக்கு வெளிச்சம் கூட்டுவதைவிடத் தெருவிளக்குகளின் கண்கூச்சத்தைக் குறைக்க மறைப்புத் தகடு போடுவது மலிவு என்று திட்டத்தில் ஒரு பக்கம் எழுதினேன். விளக்குத் திட்டத்தில் தெருவிளக்கை மறைக்கச் சொல்லும் பக்கம் எதற்கு என்று பிறகு கேட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சன்னல்கள். மேல்தளம் ஆளுநர் குடியிருந்த இடம். அந்தக் காலத்தில் இரவில் வெளியே தெரிந்திருக்கக்கூடியது எண்ணெய் விளக்கின் சன்னல் வெளிச்சம் மட்டும்தான். அதனால் சுவர் ஒளியைப் பாதியாகக் குறைத்து, சில சன்னல்களின் உட்புறப் பக்கவாட்டில் 3 வாட் விளக்கு ஒன்றை, 2200 கெல்வினில் வைத்தேன். எல்லாச் சன்னலிலும் வைத்தால் ஓட்டல் மாதிரி ஆகிவிடும் என்பதால் ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வைத்தேன். ஒரு சிக்கல்: உள்ளே அருங்காட்சியகம். காகித ஆவணம், துணி போன்றவற்றின்மேல் 50 லக்ஸுக்கு மேல் படக் கூடாது என்பது பொது நடைமுறை. அதுவும் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் சேதம். எனவே விளக்கின் முகம் அறையைப் பார்க்காமல் சன்னலின் பக்கச் சுவரை மட்டும் பார்க்கும்படி, ஒளி பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் தேன்கூட்டு மறைப்போடு, துளையில்லாமல் சன்னலடியில் வெறுமனே உட்கார வைக்கும் கனமான அடித்தட்டு ஒன்றை வரைந்தேன். என்றைக்கு வேண்டாமென்றாலும் தடமின்றி எடுத்துவிடலாம்.

திட்டத்தில் இருந்த அத்தனை விளக்கும் சேர்ந்து ஓர் இஸ்திரிப் பெட்டியின் கரண்டைக்கூட எடுக்காது.

நடுவர் குழுவில் ஒருவருக்கு என் படங்கள் பிடிக்கவே இல்லை. "இருட்டாக இருக்கிறதே, ஒளி-ஒலிக் காட்சிக்கு இடம் விட்டிருக்கிறாயா, லேசர் எங்கே" என்றார். மற்றவர்கள் வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் படமாகக் காட்டும் டயாலக்ஸ் மென்பொருளில் ஜொலிக்க ஜொலிக்கப் படம் எடுத்து வந்திருந்தார்கள். ப்ரொஜெக்டரில், ட்யூப்லைட் எரியும் அறையில், என் கோட்டை கரிக்கட்டையாகத் தெரிந்தது என்னவோ வாஸ்தவம். அறை விளக்குகளை அணைக்க அனுமதி கேட்டு, இரண்டு நிமிடம் எதுவும் பேசாமல் திரையை அப்படியே விட்டேன். கண் பழகியதும் சன்னல்கள் தெரிந்தன. அவர் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. லேசர் இல்லாததற்கு மதிப்பெண் குறைத்தார். குழுவிலிருந்த இன்னொருவர், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் கட்டடக் கலைஞர், ஒரே கேள்விதான் கேட்டார்: "உப்புக்கு என்ன பண்ணப்போறீங்க?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. தந்தவர் சீரியல் செட் அண்ணன். கடலோரக் கோயில்களில் அவர் கட்டும் விளக்குகளில் முதலில் போவது பல்பு இல்லை, இணைப்புதான். உப்புக்காற்று பித்தளை முனையைப் பச்சையாக்கிவிடும், அப்புறம் ஒளி விட்டுவிட்டு எரியும். அதனால் இணைப்புகள் அத்தனையையும் கோட்டையிலிருந்து தள்ளி, ஜெல் நிரப்பிய பெட்டிகளுக்குள் கொண்டுபோனேன். ஃபிட்டிங் உடல் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 காப்பு, அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் நைலான் வாஷர். கண்ணாடிமேல் படியும் உப்பை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே வெளிச்சம் கணிசமாகக் குறையும். துடைக்க ஆள், அவர் சம்பளம், மாற்று உதிரிப் பாகங்கள் ஆகியவற்றைப் பராமரிப்புச் செலவாகத் தனித்தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஐந்து வருடக் கணக்கில் அந்தத் தாளின் தொகை விளக்குகளின் விலையைத் தாண்டியிருந்தது. கட்டடக் கலைஞர் அதை மட்டும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்.