சேவல் கழுத்துக்கு இவ்வளவு விலையா!

ட்ரவுட் மீனுக்கு ஈ கட்டப் பழகி மூன்று மாதம் ஆகிறது. அதாவது, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்கிற பொய்ப்பூச்சி. இங்கே கொலராடோவில் முதல் நாளே கடையில் ஒரு சேவல் கழுத்துத் தோலின் விலையைப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதற்கென்றே வளர்க்கிற சேவலாம்! நீரில் மிதக்கிற ஈக்குத்தான் அந்த விறைப்பான இறகு தேவை. (2011இல் பெண்கள் அதையே கூந்தலில் வைக்க ஆரம்பித்து விலை எகிறியது தனிக்கதை.)

மூழ்குகிற ஈயில் தொடங்கினால் செலவு குறைவு. ஃபெசன்ட் என்கிற கோழியினப் பறவையின் வால் இறகு ஒன்றிலேயே பல ஈக்கள் கட்டலாம். இங்கிலாந்தின் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் அந்த இறகின் இழையையும் மெல்லிய செம்புக் கம்பியையும் வைத்தே முடித்தார், நூல்கூட இல்லை. அப்புறம் வான்கோழியின் மாரபூ, அதாவது பஞ்சு போன்ற மென்னிறகு, ஒரு பொட்டலம். வூலி பக்கர் என்கிற மூழ்கும் ஈ கட்டிக்கொண்டே இருக்கலாம்.

மிதக்கும் ஈதான் வேண்டுமா? சரி, முழுத் தோல் வேண்டாம். 14ஆம் எண் முள்ளுக்கென்று அளவு பார்த்துப் பிரித்த சிறு பொட்டலம் போதும். மலிவான இந்தியச் சேவல் கழுத்தும் கிடைக்கிறது. இறகு குட்டை, ஓர் ஈக்கு இரண்டு பிடிக்கும்.

ஓசியில் வந்த பண்ணை இறகை அப்படியே பெட்டியில் போட்டேன், பூச்சி அரித்துவிட்டது. கழுவி, காயவைத்து, சில நாள் ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் சொல்லிவிட்டு.