சீர்த்தட்டை யார் முதலில் எடுத்துப் போவது

பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டு வரப்போகிறோம் என்று பெற்றோர்கள் வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தோடு பயமும் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஒன்று முதல் ஐந்து வரை 31 பிள்ளைகள், தலைமையாசிரியரும் நானும். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு போவதைப் போல, ஊரே சேர்ந்து நோட்டு, பென்சில், நாற்காலி, மின்விசிறி, குடம், பீரோ என்று முடிந்ததை வாங்கி, தட்டுகளில் அடுக்கி மேளதாளத்தோடு பள்ளிக்கு எடுத்து வருவதுதான் கல்விச் சீர். சுற்றுவட்டாரத்தில் நிறையப் பள்ளிகளில் நடக்கிறது.

பயம் எதற்கென்றால், சீர் என்றால் ஊர்வலம் உண்டு, ஊர்வலம் என்றால் எங்கிருந்து கிளம்புவது, எந்தத் தெருவுக்குள் போவது, யார் முன்னால் போவது என்ற பேச்சும் உண்டு. கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்காக அண்ணன் தம்பியே பேசாமல் போனதை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு ஊரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், தலித் மக்கள் வாழும் காலனியிலிருந்தும் வருகிறார்கள். (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பேச்சில் அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.)

இது எவ்வளவு கூர்மையானது என்பதைக் காலை உணவு வந்தபோது பார்த்துவிட்டேன். அதற்கு முன்பெல்லாம் திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகள் தலைசுற்றி உட்கார்ந்துவிடும், கேட்டால் காலையில் டீ மட்டும் குடித்தேன் என்று சொல்லும். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் கிளம்பிப் போகிற அம்மாக்களைக் குறை சொல்ல முடியாது. 2023 ஆகஸ்ட் 25 அன்று எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்தது. சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினராக இருக்க வேண்டும், அவர் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளிக்கு அமைந்தவர் காலனியைச் சேர்ந்த ஒரு அம்மா, அவர் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு.

மறுவாரமே ஒரு பாட்டி தூக்குவாளியோடு வந்து நின்றார். "பேரனுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது டீச்சர்" என்றார். மத்தியானம் சத்துணவு முட்டையை அதே பேரன் இரண்டு வாயில் முடிப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். சமைத்த அம்மாவுக்கும் புரிந்தது, ஒன்றும் சொல்லாமல் கரண்டியைக் கழுவப் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

தலைமையாசிரியர் சத்தம் போடவில்லை. உணவை முதலில் ருசி பார்க்க வேண்டியது எங்கள் வேலை, அதை நின்றுகொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டுச் செய்யாமல் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து செய்வோம் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்தோம், தட்டை நாங்களே கழுவினோம். பெரிய பிள்ளைகள் தாமாகவே சின்னவர்கள் தட்டையும் சேர்த்துக் கழுவ ஆரம்பித்தார்கள். எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் வகுப்பில் அந்தப் பையனும் சமைக்கிற அம்மாவின் மகளும் ஒரே குழு, அட்டையைப் பகிர்ந்துதான் படிக்க வேண்டும். ஒரு புதன்கிழமை பொங்கல். பையன் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை, அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான், திட்டுவேனோ என்று. நான் இன்னொரு தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். பாட்டி மேலும் ஒரு மாதம் வேப்பமரத்தடியில் வாளியோடு நின்றார், பிறகு வருவதை நிறுத்திவிட்டார். அவர் மனம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரியாது. பேரனைப் பள்ளியை விட்டு நிறுத்தவில்லை, எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

சரி, சீருக்கு வருகிறேன். 2025 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள் என்று நாள் குறித்தார்கள். அவர் முதலமைச்சராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்து, மக்களே பள்ளிகளுக்கு வேண்டியதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், அதனால் நாள் பொருத்தம்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. பிள்ளையார் கோயிலில் கிளம்பலாம் என்றார் ஒருவர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள், அது சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் பெண்கள் வாயைத் திறக்க இரண்டு வருடம் ஆனது. அன்று ஒரு தாய்தான் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல கிளம்பி, ரெண்டு தெருவும் சுத்தி, பள்ளிக்கூடத்துக்கே வந்துடுவோம்." முன்னால் யார் என்பதற்குத் தலைமையாசிரியர் பதில் வைத்திருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் இரண்டாம் வகுப்பு, அப்படியே ஐந்து வரை, பெரியவர்கள் எல்லோரும் கடைசியில். பெரிய வீட்டுக்காரர் ஒருவருக்கு முகம் சுருங்கியது. அவர் பேத்தி ஒன்றாம் வகுப்பில் இருந்ததால் எதிர்த்துப் பேச வழியில்லை.

மேளம் முதல்முறையாகக் காலனித் தெருவுக்குள் போனது. அந்தப் பாட்டி வந்திருந்தார், கையில் வாழைப்பழச் சீப்பு. சமைக்கும் அம்மாவுக்கு இரண்டு ஆள் தள்ளி நடந்தார். பேரன் மூன்றாம் வகுப்பு வரிசையில் பென்சில் பெட்டிகள் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு, அது சாயாமல் இருக்க நாக்கைக் கடித்தபடி நடந்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பீரோவில் உபயம் என்று போட்டுப் பெயர் எழுதுவது வழக்கம். தனிப்பெயர் வேண்டாம், ஊர்ப் பொதுமக்கள் என்று எழுதிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சமையல் அம்மா நிமிர்ந்து கேட்டார்: "ஊர்னு எழுதுனா அதுல நாங்க வருவோமா டீச்சர்?"

பதினோரு வருடமாக அதே பள்ளியில் வேலை பார்க்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை. பெயிண்டர் தூரிகையை நனைத்துவிட்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன். இப்போது பீரோ கதவில் சிவப்பு எழுத்தில் 'உபயம்: பெற்றோர்கள்' என்று இருக்கிறது.