கேஸா, கரண்டா, விறகா: மன்னார்குடி கடையிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் கடையில் இண்டக்‌ஷன் அடுப்பைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் விலையைக் கேட்பதற்கு முன்பே, "அண்ணே, கேஸை விட இது லாபமா?" என்றுதான் கேட்பார்கள். மன்னார்குடியில் எலெக்ட்ரிகல் சாமானும் வீட்டு உபயோகப் பொருளும் விற்கிறோம். விற்றால் எனக்கு லாபம், அது வேறு விஷயம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "போன தடவை ரீடிங் எவ்வளவு வந்துச்சு?"

காரணம் இருக்கிறது. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அதில் இருக்கிற வெப்பத்தைக் கரண்ட் யூனிட்டாக மாற்றிப் பார்த்தால் சுமார் 180 யூனிட் வரும். அடுப்பில் எரியும்போது மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி வீணாகப் போய்விடும். பாத்திரத்துக்குள் போய்ச் சேர்வது 120 யூனிட். இண்டக்‌ஷனில் சேதாரம் குறைவு, அதே சமையலை 140 யூனிட்டில் முடித்துவிடலாம். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு. வகுத்துப் பாருங்கள்: கரண்ட் யூனிட் ஆறு ரூபாய்க்குக் குறைவாகக் கிடைக்கிற வீட்டுக்கு இண்டக்‌ஷன் லாபம். அதற்கு மேல் கொடுக்கிற வீட்டுக்கு கேஸ் லாபம்.

யாருக்கு எவ்வளவு என்பதுதான் சிக்கல். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2024 கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 சலுகை விலை, 200க்கு மேல் 400 வரை ஐந்து ரூபாய்க்குள், 400ஐத் தாண்டினால் ஆறரையை ஒட்டி. 500ஐத் தாண்டிவிட்டால் யூனிட்டுக்கு எட்டரை ரூபாய். அதோடு அந்த இரண்டாவது 100க்குக் கிடைத்த சலுகையும் காணாமல் போகும். ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வருகிற வீடு முழுச் சமையலையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் பில்லில் 190 யூனிட் ஏறும். 250 ஓடுகிற வீடு 440க்குப் போகும், லாபம்தான். 350 ஓடுகிற வீடு 540க்குப் போகும், கையைக் கடிக்கும். ஏசி ஓடுகிற மே மாதத்தில் நான் யாரையும் முழுக்க மாறச் சொல்வதில்லை. பால் காய்ச்ச, வெந்நீர் வைக்க, இட்லி அவிக்க என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

காசுக் கணக்கு இவ்வளவுதான். ஆபத்துக் கணக்கை யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் இழுக்கும், அதாவது ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் கம்மி. அதைக் கொண்டுபோய் மிக்சி போடுகிற 6 ஆம்பியர் பாயிண்டில், ஒரு கன்வெர்ட்டர் பிளக்கை மாட்டி ஓட்டுவார்கள். ஓரிரு மாதத்தில் "அடுப்பு ரிப்பேர்" என்று திரும்பி வரும். பார்த்தால் அடுப்புக்கு ஒன்றும் இருக்காது. பிளக்கின் ஒரு பின் கறுத்து, அதைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி, கருகின வாடை அடிக்கும். சுவருக்குள் அந்த ஒயர் எந்த நிலையில் இருக்கிறது என்பது அந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது. 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்கேற்ற ஒயர், மெயினில் ஷாக் ஆளைக் கொல்வதற்குள் ட்ரிப் ஆகிற ஆர்சிசிபி, இவ்வளவும் சேர்த்தால்தான் அடுப்பின் உண்மையான விலை.

கேஸிலும் அப்படித்தான். ரெகுலேட்டரிலிருந்து வரும் ஆரஞ்சு ட்யூபுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், தேதி ட்யூபிலேயே அச்சடித்திருக்கும். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதனை செய்தாக வேண்டும் என்று அர்த்தம். இறக்கிவைக்கும்போதே அதைப் பார்க்கிறவர்கள் எங்கள் தெருவில் இரண்டு வீடு இருந்தால் அதிகம். இன்னொரு விஷயம், கேஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், மேலே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் போய்விடாது. அந்த ஃபேனின் ஸ்விட்ச் பொறியே போதும்.

வீட்டு கேஸுக்கு நாட்டுக் கணக்கும் ஒன்று உண்டு. இந்தியாவில் எரிகிற சமையல் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாகக் கப்பலில் வருகிறது. அங்கே ஒரு சண்டை என்றால் மன்னார்குடி அடுப்புக்குச் செய்தி வந்துவிடும். 2023 மார்ச்சில் இதே சிலிண்டர் சென்னையில் 1,118 ரூபாய் 50 காசு. ஒரு வருஷத்தில் 300 ரூபாய் குறைந்தது, அப்புறம் 50 ஏறியது. இடையில் தேர்தலும் வந்தது, அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விறகு இலவசம் என்பார்கள். எங்கள் பக்கம் உண்மையிலேயே இலவசம்தான். கொல்லையில் நாலு தென்னை நின்றால் மட்டையும் பாளையும் பன்னாடையும் விழுந்துகொண்டே இருக்கும். அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து அதில்தான் சமைத்தார், கேஸ் வந்த பிறகும் நெல் அவிக்கவும் வெந்நீருக்கும் அதே அடுப்புதான். புகையிலைப் பக்கமே போகாதவருக்கு அறுபது வயதில் இளைப்பு வந்தது. டாக்டர் முதலில் கேட்டதே "எத்தனை வருஷம் விறகு அடுப்பும்மா?" என்றுதான். வீட்டுப் புகையால் உலகம் முழுக்க 2020ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊதாங்குழலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், பக்கத்தில் குழந்தைகள். இலவச எரிபொருளுக்கான பில்லை எங்கள் வீட்டில் அம்மா ஒருத்தர்தான் கட்டினார். நான் இன்ஹேலர் வாங்கிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

இருந்தாலும் அந்த அடுப்பை இடிக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. ஊர் முழுக்கக் கம்பங்கள் முறிந்து கிடந்தன, உள்கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கேஸ் வண்டி வரப் பாதை இல்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சோறு பொங்கியது அந்த அடுப்புதான். விழுந்த தென்னையே விறகு. ஜெனரேட்டரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போய், மணிக் கணக்குக்கு வாடகை வாங்கி வீட்டு மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பினார்கள். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் லிட்டருக்கு இரண்டு யூனிட் கொடுத்தால் நல்ல மிஷின். ஒரு யூனிட் ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் இல்லாத வீட்டில் யூனிட் விலையை யார் கேட்கப்போகிறார்கள்? (ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகைக்கு வாடை தெரியாமலே ஆளைக் கொல்லும் குணம் உண்டு.)

இன்வெர்ட்டருக்கும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். பேட்டரியின் விலையை அது சாகிறவரை கொடுக்கிற கரண்டால் வகுத்தால், என் கணக்கில் யூனிட்டுக்கு 15 ரூபாய்க்குக் குறையாது. 2012ல் சென்னைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போன காலத்தில் அதைத்தான் ஊரே கொடுத்தது. எங்கள் கடைக்கு அது நல்ல வருஷம், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அதே சமயத்தில்தான் இடிந்தகரையில் மக்கள் பந்தலில் உட்கார்ந்து கூடங்குளம் அணுஉலை வேண்டாம் என்று போராடிக்கொண்டிருந்தார்கள். கடைக்கு வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

இன்று அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. ஆய்வாளர்கள் உலக அளவில் போட்ட கணக்கு ஒன்று உண்டு: 100 கோடி யூனிட் கரண்ட் தயாரிக்க எத்தனை உயிர் போகிறது என்று. விபத்து, காற்று மாசு எல்லாம் சேர்த்து பழுப்பு நிலக்கரிக்கு 32, 33 பேர். நிலக்கரிக்கு 25. இயற்கை எரிவாயுவுக்கு மூன்று. நீர்மின்சாரத்துக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல், அதிலும் பெரும்பங்கு 1975ல் சீனாவில் பாஞ்சியாவ் அணை உடைந்தது. அணு, காற்று, சூரியன் மூன்றும் பத்தில் ஒன்று கூட வராது, செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் சேர்த்தே. அந்த நிலக்கரி எண்கூட ஐரோப்பிய நிலையங்களை வைத்துப் போட்டது. இங்கே புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவி வைக்க 2015ல் விதி போட்டார்கள், கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். யூனிட்டுக்குச் சில பைசா மிச்சம் என்று சொல்லப்பட்டது. அந்த நிலையங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் நுரையீரலில் அது எந்தப் பத்தியில் எழுதப்படும்?

நெய்வேலி எங்களுக்குத் தூரமில்லை. 2020ல் மே மாதம் ஒரு பாய்லர் விபத்து, ஜூலை 1ஆம் தேதி மறுபடியும். அன்றே ஆறு பேர் போய்விட்டார்கள், பிறகு ஆஸ்பத்திரியில் மேலும் பலர். அதிகம் செத்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அணுவுக்குப் பயந்த அளவுக்கு இதற்கு யாரும் பயந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதற்காக இடிந்தகரைக்காரர்களை அறியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். சராசரி எண் நாட்டுக்குப் பொருந்தும். அணுஉலையின் வாசலில் வலை வீசுகிறவர் சராசரி ஆள் இல்லையே.

எங்கள் கதையும் சுத்தமில்லை. பக்கத்தில் கோவில்களப்பாலில் 108 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது, ஓடுவது டெல்டாவில் எடுக்கிற எரிவாயுவில். 2017 ஜூனில் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது நானும் கடையை அடைத்தேன். புது எரிவாயுக் கிணறு வேண்டாம் என்பதில் இப்போதும் உறுதிதான். பழைய கிணறுகளின் கரண்டில் கடை போர்டு எரிவதும் தெரியும்.

இப்போது வருகிறவர்கள் சோலார் கேட்கிறார்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். ஒரு கிலோவாட் நாளைக்கு நாலு யூனிட் கொடுக்கும் என்று நம்பிக் கணக்குப் போடலாம். 500ஐத் தாண்டுகிற வீட்டுக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் மானியத்தில் வருகிற சாதாரண செட்டில் ஊர்க் கரண்ட் நின்றால் பேனலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் ஃபேன் நின்றதும் ஒருவர் நேரே கடைக்கு வந்து சத்தம் போட்டார். பேட்டரியோடு ஹைபிரிட் செட் போட்டால் ஓடும், விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும் என்றேன். "அப்ப இன்வெர்ட்டரையே வெச்சுக்கறேன் தம்பி, பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழிப்ப?" என்றார். கிலோக் கணக்கில் எடை போட்டுக் கழித்துக் கொடுத்தேன்.