அலைத்தொட்டியின் அருகே என் மகள்

பிளஸ் டூ படிக்கும் என் மகளை அழைத்துக்கொண்டு, பொதுமக்களுக்காகத் திறந்துவிடப்பட்ட ஒரு தை மாத நாளில் சென்னை ஐஐடிக்குச் சென்று வந்தேன். கிண்டிக் காட்டை ஒட்டி 600 ஏக்கருக்கும் மேல் விரிந்த அந்த வளாகத்தில் ஆலமரங்களின் அடியில் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. மாணவர் விடுதிகளுக்குக் காவேரி, கோதாவரி, நர்மதா என்று ஆறுகளின் பெயர்கள். 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்ட நிறுவனம் என்பதையெல்லாம் அவள் முன்பே படித்திருந்தாள். அவள் பார்க்க வந்ததோ கடல் பொறியியல் துறையை மட்டுமே.

அங்கே நீண்ட அலைத்தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் நிற்கும் பலகையை இயந்திரம் முன்னும் பின்னும் தள்ள, அலை எழுந்து தொட்டி நெடுக ஓடி மறுமுனையில் ஓய்கிறது. அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலில் கட்டுவதற்கு முன், அவற்றின் சிறிய மாதிரிகளை இதில் வைத்துச் சோதிப்பார்கள் என்று ஓர் ஆய்வு மாணவர் விளக்கினார். தொட்டியின் நீளம் 72.5 மீட்டர் என்று அவர் சொன்னதும், "எங்கள் பாம்பன் புதுப் பாலத்தில் கப்பலுக்காக உயர்த்தும் பகுதியும் 72.5 மீட்டர்தான் அண்ணா" என்றாள் மகள்.

பிறகு அவள் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறுபக்கம் கரை அரிக்கிறதே, எங்கள் பாம்பன் தீவில் வாடைக்காற்றுக்கு வடகடலும் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்குத் தென்கடலும் மாறி மாறிக் கொந்தளிக்க, நீவாடு எனும் கடல் நீரோட்டமும் திசை மாறும்போது, ஒரே பக்கமிருந்து அலை வரும் தொட்டியில் அதை எப்படிக் கணிப்பீர்கள் என்று கேட்டாள். அவர் ஒரு தாளை நீட்டி, தீவை வரைந்து காட்டச் சொன்னார். எந்த மாதத்தில் நீவாடு திரும்பும் என்று அவர் கேட்டதற்கு மட்டும் அவளிடம் உறுதியான பதில் இல்லை.

நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் வத்தைப் படகில் பாய் விரித்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் புழங்கும் சொற்களுக்கு அந்தக் கூடத்தில் இடம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் ஒரு வருத்தம் எனக்கு ஆறவில்லை. ஜேஇஇ முதல்நிலைத் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஐஐடியில் சேர்வதற்கான அடுத்த கட்டத் தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளை, தான் நன்கறிந்த இயற்பியலையே வேறொரு மொழியில் மறுபடியும் கற்க வேண்டியிருப்பது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பயிற்சிக்கு மதுரை போகலாமென்றால் 150 கிலோமீட்டருக்கும் மேல். பழைய வினாத்தாள்களை வாங்கி, பக்கத்தில் அகராதியோடு இரவில் அவளே படிக்கிறாள்.

மறுநாள் விடியலில் ரயில் பாலத்தின்மீது ஊர்ந்தபோது, இடப்பக்கம் வடகடல் நுரைத்துக்கொண்டிருக்க, வலப்பக்கம் தென்கடல் குளம்போல் கிடந்தது. "அம்மா, தாத்தாவிடம் நீவாடு திரும்பும் மாதத்தைக் கேட்க வேண்டும்" என்றாள். வீட்டுக்கு வந்ததும், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், தாத்தாவின் கட்டிலருகே நோட்டுடன் உட்கார்ந்துவிட்டாள்.