பச்ச வெறகும் எங்கம்மா நெஞ்சும்

நேத்து காலைல ஆறரைக்கே அம்மாவுக்கு நெபுலைசர் வைக்க வேண்டியதாப் போச்சு. சேலத்துல கன்னங்குறிச்சி பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும், மார்கழி தை ரெண்டு மாசமும் விடியக்காலைல சேர்வராயன் மலை பாதிக்கு மேல தான் தெரியும், கீழ வெள்ளையா ஒரு படலம். எல்லாரும் பனின்னு தான் சொல்றாங்க. மூச்ச இழுத்துப் பாருங்க, அதுல எங்க தெரு வெந்நீர் அடுப்புப் புகையும் இருக்கு.

வீட்டுக்கு வீடு கேஸ் இருக்கு, ஆனா குளிக்கற தண்ணிக்கு யாரு கேஸ் செலவு பண்றாங்க, கொல்லைல செப்பு பாய்லர், கீழ நாலு வெறகு, அவ்ளோ தான். எங்க வீட்லயும் மூணு வருஷம் முன்ன வரைக்கும் அதான். சிலிண்டர் விக்கற விலைக்கு மட்டை, பாளை, கொட்டாங்குச்சிய எரிக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாயே வராது.

என் கவலையெல்லாம் ஈர வெறகு தான். பக்கத்து வீட்டு அக்காவோட தம்பி ஏற்காட்டுல எஸ்டேட் வேலைல இருக்காரு, அவர் இறக்கிட்டுப் போன சில்வர் ஓக் கிளை, காப்பிக் குச்சி எல்லாம் வெட்டி ரெண்டு வாரம் கூட ஆகல. அடுப்புல வச்சா நுனில நுரை கொப்பளிச்சு உஸ்ஸுன்னு சத்தம் வரும், அந்த ஈரம் ஆவியாகறதுக்கே சூடு போயிடும், சரியா எரியாததெல்லாம் அப்படியே புகையா வெளிய வரும். பத்தலன்னா பால் கவர சுருட்டி சொருகிடுவாங்க, அந்த நாத்தம் தான் கொடுமை.

அந்தப் புகைல இருக்கற துகள் 2.5 மைக்ரானுக்கும் சின்னது, நுரையீரல் அடி வரைக்கும் போயிடும். இந்தத் துகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2021ல சொன்ன வரம்பு, ஒரு நாள் சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல 15 மைக்ரோகிராம், நம்ம நாட்டு வரம்பு 60.

சேலம் வேற சுத்தியும் மலை, வடக்க சேர்வராயன், தெக்க ஜருகுமலை, அந்தப் பக்கம் கஞ்சமலை. ராத்திரி தரை குளுந்து கீழ் காத்தும் குளுந்துடுது, மேல இருக்கற சூடான காத்து மூடி போட்ட மாதிரி நிக்குது, புகை ஏற வழியில்லாம தென்னமர உயரத்துலயே படுத்துக்குது. நல்லா வெயில் ஏறுனா தான் கலையும். நாம அடுப்பு பத்த வைக்கறது அஞ்சரைக்கு.

போன வாரம் அக்காகிட்ட உக்காந்து பேசினேன். "எங்க மாமியா காலத்துல இருந்து இதே அடுப்பு தான் கண்ணு, அப்ப யாருக்கு என்ன நோவு வந்துச்சு"ன்னாங்க. அந்தப் பாட்டி கடைசி காலத்துல திண்ணைல உக்காந்து விடிய விடிய இருமுனது எனக்கு ஞாபகம் இருக்கு. அக்காவுக்கும் அது ஞாபகம் வந்துடுச்சு போல, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவங்களே "உங்க ஷெட்ல எடம் இருக்கா"ன்னு கேட்டாங்க.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா பச்ச வெறகயெல்லாம் பொளந்து ஷீட்டுக்கு கீழ காத்து போற மாதிரி அடுக்கிட்டோம். அடுத்த மார்கழிக்குத் தான் அது அடுப்புக்கு. இப்போதைக்கு அவங்களுக்கு எங்க தோப்பு காஞ்ச மட்டை, அதுவும் எட்டரைக்கு மேல.