கட்டளை ஒருவர் கையில், பெட்டி இன்னொருவர் கையில்

ஆன்லைன் ஃபேன்டசி விளையாட்டுகளில் சேர்ந்து ஆடும் குழுக்களைக் கில்டு என்பார்கள், அவை பலர் கூடிப் பெரிய எதிரியைத் தாக்குவது ரெய்டு. கில்டுகள் பெரும்பாலும் ஜெயித்த ரெய்டுக்குப் பிறகுதான் உடைகின்றன. பாஸ் (அந்தப் பெரிய எதிரி) விழுந்தாகிவிட்டது, நல்ல வாள் ஒன்று கிடைத்துவிட்டது, அது யாருக்கு என்ற பேச்சு ராத்திரி ஒரு மணி வரை ஓடுகிறது. மறுநாள் பார்த்தால் நாலு பேர் வெளியேறியிருப்பார்கள். தோற்ற இரவில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறோம். பங்கு வரும்போதுதான் நிர்வாகம் இருக்கிறதா இல்லையா என்று தெரிகிறது.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் கில்டுகளுக்கு இது இன்னும் சிக்கலானது. பாதிப் பேர் சொந்தபந்தம், இல்லையென்றால் ஒரே தெரு. இன்னொரு கூட்டம் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து வருகிறது. வெளிநாட்டுக் கில்டுகளின் விதிப்புத்தகத்தை அப்படியே எடுத்துப் போட்டால் இங்கே நிற்காது.

முதலில் சண்டைக்குள் இருக்கும் பொறுப்புகள். அடியைத் தாங்குபவர் டாங்க், உயிரேற்றுபவர் ஹீலர், அடிப்பவர் டிபிஎஸ். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஐந்து பேர் அணிக்கு ஒரு டாங்க், ஒரு ஹீலர், மூன்று டிபிஎஸ். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் எட்டுப் பேர் அணிக்கு இரண்டு, இரண்டு, நான்கு. வார்கிராஃப்டின் மிகக் கடினமான மித்திக் ரெய்டில் சரியாக 20 பேர்: இரண்டு டாங்க், நாலைந்து ஹீலர், மீதி அடிப்பவர்கள். புதிதாகச் சேரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் வாளோ வில்லோதான் கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டே ஆள் சேர்க்க வேண்டும். டாங்கும் ஹீலரும் கிடைக்கவில்லையே என்று அவர்களுக்கு லூட்டில் (சண்டையில் கிடைக்கும் பொருளில்) முன்னுரிமை கொடுத்துவிடாதீர்கள். மற்றவர்களுக்கு அது மனக்கசப்பாகத் தேங்கும். ரிப்பேர் செலவையும் மருந்துச் செலவையும் கில்டு பேங்கிலிருந்து, அதாவது எல்லோருக்கும் பொதுவான பெட்டியிலிருந்து, கொடுங்கள், போதும். டாங்க் அதிகம் அடிவாங்குகிறார், அவருக்குச் செலவும் அதிகம் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

இனி நிர்வாகம். நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: களத்தில் கட்டளை போடுபவர் கையில் பெட்டிச் சாவி இருக்கக் கூடாது. சாவி வைத்திருப்பவர் ஆள் சேர்க்கக் கூடாது. குறைந்தபட்சம் நான்கு பேர் தேவை. தலைவர், காலர் (சண்டையில் குரல் கொடுப்பவர்), கணக்கர், ஆள் சேர்ப்பவர். பதினைந்து பேர் உள்ள சின்னக் கில்டில் தலைவரே ஆள் சேர்க்கலாம். ஆனால் காலரும் கணக்கரும் எந்த நிலையிலும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. காலர் மேல் எப்போதும் யாருக்காவது கோபம் இருக்கும், அந்த வேலை அப்படி. அதே ஆளிடம் பணமும் இருந்தால், "நீங்க தப்பா கால் பண்ணீங்க" என்று தொடங்கும் பேச்சு "நீங்க காசை எடுத்தீங்க" என்று முடியும்.

அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஃபேன்டசி விளையாட்டாக இல்லாவிட்டாலும், ஈவ் ஆன்லைனில் நடந்ததுதான் பாடம். 2009 பிப்ரவரியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரிய கூட்டணியின் இயக்குநர்களில் ஒருவர் எதிரணிக்குத் தாவினார். போகிற போக்கில், தனக்கு இருந்த அனுமதியை வைத்தே கூட்டணியைக் கலைத்துவிட்டார். ஹேக் எதுவும் நடக்கவில்லை. விளையாட்டின் விதிப்படி அவரால் முடிந்ததை அவர் செய்தார், அவ்வளவுதான். எத்தனையோ போர்களில் தாக்குப்பிடித்த கூட்டணிக்கு ஒரு பட்டன் போதுமாயிருந்தது.

ஆகவே ரேங்க் அனுமதிகளை நிதானமாக உட்கார்ந்து அமையுங்கள். வார்கிராஃப்டில் பத்து ரேங்க் வரை வைக்கலாம். பத்தும் தேவையில்லை, ஆறு போதும்: தலைவர், ஆபீசர், ரெய்டர், உறுப்பினர், புதியவர், விடுப்பு. பேங்கில் ஒவ்வொரு டேபிலிருந்தும் (பெட்டியின் தனி அறை) ஒவ்வொரு ரேங்க்கும் ஒரு நாளைக்கு எத்தனை அடுக்கு (ஒரே பொருளின் கட்டு) எடுக்கலாம் என்று தனித்தனியாக வரம்பு போட முடியும். புதியவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும். உறுப்பினருக்கு மருந்து டேபில் மட்டும் நாளுக்கு இரண்டு அடுக்கு. ஆபீசருக்கும் வரம்பு வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "அண்ணன் எடுக்க மாட்டாரு" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அண்ணனின் பாஸ்வேர்டு திருடு போனால் எடுப்பவன் அண்ணன் அல்ல. பேங்கின் பதிவுப் பக்கம் கடைசியாக நடந்த எடுப்பு வைப்புகளை மட்டுமே காட்டும், பழையது நகர்ந்து போய்விடும். அதனால் கணக்கர் வாரத்துக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எல்லோரும் பார்க்கும் சேனலில் போட வேண்டும். கில்டு பேசிக்கொள்ளும் ஆப்பான டிஸ்கார்டில் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டு பேரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்க வேண்டும்.

கணக்கு விஷயத்தில் நம் ஆட்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கடுமையாக இருந்திருக்கிறார்கள். உத்திரமேரூர் டெல்டாவில் இல்லை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்குள்ள குடவோலைக் கல்வெட்டுகள் நம் சோழன் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியப் பொறுப்புக்கு 360 நாள் தவணை. முந்தைய மூன்று ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவர் நிற்க முடியாது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. கடைசி விதியைக் கில்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. கணக்கருக்கு மூன்று மாதத் தவணை. கணக்கு ஒப்படைக்காமல் விலகினால் அவருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது, அடுத்த தவணையில் அவர் தம்பிக்கோ மச்சானுக்கோ சாவி போகாது. மாமன் மச்சான் பாதிப் பேர் இருக்கும் கில்டில் இதை யாருடைய முகத்தையும் பார்த்துச் சொல்ல முடியாது. எழுதிய விதியாக முன்பே இருந்தால்தான் நிற்கும்.

மரியாதை சம்பந்தப்பட்ட இன்னொரு சிக்கலும் உண்டு. காலர் பத்தொன்பது வயதுப் பையன். டாங்க் அவனுடைய சித்தப்பா, குவைத்திலிருந்து விளையாடுகிறார். பாஸ் தரையில் தீ வட்டம் போட்டுவிட்டது, மூன்று நொடியில் வெடிக்கும். "சித்தப்பா, கொஞ்சம் பின்னாடி வந்துருங்களேன்" என்று அவன் சொல்லி முடிக்கும்போது இரண்டு நொடி போயிருக்கும், சித்தப்பா செத்திருப்பார். அவரிடம் "பின்னால வா" என்று சொல்லவும் அவனுக்கு நாக்கு வராது. இதற்குத் தீர்வு, சண்டைக்குள் ஆளைக் கூப்பிடாமல் பொறுப்பைக் கூப்பிடுவது. "டாங்க் ஒன்று, பின்." "ஹீலர் ரெண்டு, இடது." இரண்டு மூன்று சொல், வினையே வேண்டாம். வினை இல்லாவிட்டால் வாவா வாங்களா என்ற கேள்வியே எழாது. சண்டை முடிந்ததும் வழக்கம்போல அண்ணே, சித்தப்பா, மாப்ள எல்லாம் திரும்பி வரட்டும். சண்டை நடக்கும்போது காலரைத் தவிர டாங்க்குகளும் ஒரு ஹீலரும் மட்டும் பேசலாம், மற்றவர்கள் மைக்கை மூடியிருக்க வேண்டும். குறை சொல்வது பாஸ் விழுந்த பிறகு அல்லது அணி முழுக்கச் செத்த பிறகு, அதுவும் ஐந்து நிமிடத்துக்குள்.

அடுத்தது லூட். தலைவர் பார்த்துக் கொடுப்பது ஐந்து பேருக்குச் சரி, பதினைந்துக்கு ஆகாது. 1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்டில் டிராகன் வேட்டைக்காக உருவான டிகேபி (டிராகன் கில் பாயிண்ட்ஸ்) முறையில், வந்தால் புள்ளி, பொருள் எடுத்தால் புள்ளி கழியும். அதன் குறை, பழைய ஆள் இரண்டாயிரம் புள்ளியைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், புதியவர் ஆறு மாதம் உழைத்தாலும் எட்டிப்பிடிக்க முடியாது. ஏலம் வைத்தால் நாலு பங்காளிகள் கூடிப் பேசி விலையைக் கீழே வைப்பார்கள்.

எளிய மாற்று, வரிசைப் பட்டியல். எல்லோர் பெயரையும் குலுக்கி வரிசைப்படுத்துங்கள். பொருள் வரும்போது மேலே இருப்பவருக்கு வேண்டுமென்றால் அவருக்கு, எடுத்தவர் கடைசிக்குப் போகிறார். அன்று வராதவர் இருந்த இடத்திலேயே இருப்பார். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இருபது பேர் வரை இதுவே போதும். ஒரு குறை உண்டு: தன் முறை போய்விடுமே என்று சின்னப் பொருளை யாரும் எடுக்க மாட்டார்கள், அது வீணாகும். அவற்றைப் பட்டியலுக்கு வெளியே குலுக்கலில் விட்டுவிடுங்கள்.

பெரிய கில்டுக்கு ஈபிஜிபிதான் என் தேர்வு. இதில் வந்து உழைத்தால் உழைப்புப் புள்ளி ஏறும், பொருள் எடுத்தால் பொருள் புள்ளி ஏறும். உழைப்புப் புள்ளியைப் பொருள் புள்ளியால் வகுத்தால் வருவது முன்னுரிமை. பொருள் புள்ளி சுழியமாக இருந்தால் வகுக்க முடியாது என்பதால் எல்லோருக்கும் அடிப்படையாக 100 சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு உழைப்பு 600, பொருள் 200 என்றால் 600-ஐ 300-ஆல் வகுத்து 2.0. இன்னொருவருக்கு உழைப்பு 900, பொருள் 500 என்றால் 900-ஐ 600-ஆல் வகுத்து 1.5. வாள் முதலாமவருக்கு. வாளின் விலை 150 என்றால் அவருடைய பொருள் 350 ஆகிறது, முன்னுரிமை 1.33-க்கு இறங்குகிறது, அடுத்த பொருளுக்கு இரண்டாமவர் முன்னால் வந்துவிடுகிறார். வாரம் 10 சதவீதம் இரண்டு புள்ளிகளையும் தேய்க்க வேண்டும். ஏழு வாரத்தில் பழைய புள்ளி பாதிக்கும் கீழே போய்விடும் என்பதால் யாரும் சேர்த்து வைத்து உட்கார முடியாது. இரண்டும் ஒரே விகிதத்தில் தேய்வதால் (அடிப்படை 100 மட்டும் தேயாது), ஐந்து வாரம் வராத முதலாமவருக்கும் (வாள் எடுக்கும் முன் நிலையில்) 2.0 என்பது 1.62-க்குத்தான் இறங்கும். சம்பா அறுவடைக்குத் தை, மாசியில் வயலுக்குப் போகிறவர்கள் இருக்கும் கில்டில் இது மிக முக்கியம். அவர்களை விடுப்பு ரேங்க்குக்கு மாற்றித் தேய்மானத்தையும் நிறுத்தி வைத்தால் இன்னும் நியாயம்.

நேரம் குறிப்பதிலும் கவனம் வேண்டும். இங்கே இரவு 9.30 என்றால் கத்தார், குவைத்தில் 7 மணி, துபாயில் 8 மணி, சிங்கப்பூரில் நள்ளிரவு 12. சிங்கப்பூர்க்காரரை வாரத்துக்கு மூன்று நாள் நள்ளிரவு வரச் சொன்னால் இரண்டு மாதத்தில் விலகிவிடுவார். 8 மணிக்குத் தொடங்கினால் அவருக்கு 10.30, கத்தார்க்காரருக்கு 5.30, அந்நேரம் பலர் வேலையிலோ கம்பெனி பஸ்ஸிலோ இருப்பார்கள். குவைத், கத்தார், சவுதியில் வெள்ளி சனி விடுமுறை. அமீரகம் 2022-இல் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆக எல்லோருக்கும் பொதுவான நாள் சனிக்கிழமைதான். பெரிய ரெய்டை அன்று இரவு 8.30-க்கு வையுங்கள், மற்ற நாட்களில் சின்ன அணிகள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும். முதல் டாங்க்கும் காலரும் ஒரே ஃபீடர் லைனில் இருக்க வேண்டாம். துணைக் காலர் யார் என்று தொடங்கும் முன்பே சொல்லி, விளையாட்டுக்குள்ளும் அவருக்கு அசிஸ்டென்ட் அதிகாரம் கொடுத்து வையுங்கள்.

ஆல்பியன் ஆன்லைனில் கில்டு நடத்துகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி, செத்தால் சாமான் போய்விடும். அதன் கிழக்குச் சர்வர் 2023-இல் வந்த பிறகு நம் பக்கத்தில் போனிலேயே பலர் விளையாடுகிறார்கள். கில்டு வரியிலிருந்து, இழந்த சாமானுக்கு ஈடு கொடுப்பதை ரீகியர் என்பார்கள். விதி தெளிவாக இருக்க வேண்டும்: காலர் கூப்பிட்ட சண்டையில் இறந்திருக்க வேண்டும், சொன்ன சாமானைத்தான் போட்டிருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மரணப் பதிவோடு கேட்க வேண்டும். தனியாகச் சுற்றி இறந்தால் ஈடு இல்லை. வரியை ஏற்றும் முன் போன மாத ரீகியர் கணக்கைக் காட்டுங்கள், காட்டாமல் ஏற்றினால் ஆள் குறையும்.

எல்லாவற்றையும் ஓட்டுக்கு விடக் கூடாது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் புதிய அம்சம் சேர்க்க 75 சதவீத ஆதரவு வேண்டும் என்று வைத்திருந்தார்கள், 2022-இல் அதை 70 ஆக்கினார்கள். 51 போதும் என்றால் 49 பேர் கோபத்தோடு உள்ளேயே இருப்பார்கள். கில்டுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வையுங்கள். வரி, லூட் முறை, ரெய்டு நாள் மாற்றம் ஆகியவை ஓட்டுக்கு உரியவை. இன்றைக்கு எந்த டாங்க் இறங்குவது என்பது காலர் முடிவு. ஒருவரை வெளியேற்றுவதைப் பொது ஓட்டுக்கு விடவே கூடாது, அது ஊரைக் கூட்டி அவமானப்படுத்துவதாகிவிடும். ஆர்ச்சேஜ் விளையாட்டில் குற்றவாளியை ஐந்து பேர் கொண்ட வீரர் ஜூரி விசாரித்தது. அதைப்போலச் சம்பந்தப்பட்டவருக்கு உறவில்லாத மூன்று பேர் கேட்டு முடிவு சொல்லட்டும். முதல் தடவை தனியாகப் பேச்சு, இரண்டாவது தடவை எழுத்தில் எச்சரிக்கை, மூன்றாவதில் வெளியேற்றம். பேங்கில் கைவைத்தால் மட்டும் படிகள் கிடையாது, அன்றே வெளியே.

நம் பக்கத்தில் அதிகம் நடப்பது ஐடி பகிர்வு. அண்ணன் ஐடியில் தம்பி விளையாடுவான், அவன் நண்பன் பிரவுசிங் சென்டரில் லாகின் செய்துவிட்டு மூடாமல் போவான். ஆபீசர் ரேங்க் உள்ள ஐடியை யாரும் பகிரக் கூடாது. மீறினால் அந்த ரேங்க் போகும். பதிவில் ஐடி பெயர்தான் இருக்கும், திருட்டு நடந்த பிறகு யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க வேறு வழியே இல்லை.

தலைவர் மாறும்போது ஒப்படைக்க வேண்டியவை: கில்டு மாஸ்டர் ரேங்க், டிஸ்கார்டு உரிமை, புள்ளிக் கணக்கு ஷீட்டின் உரிமை, நிலுவையில் உள்ள ரீகியர் பட்டியல். டிஸ்கார்டு சர்வரின் உரிமையைத் தனியாக மாற்ற வேண்டும், அட்மின் ரோல் கொடுத்தால் மட்டும் மாறாது. தலைவர் சொல்லாமல் காணாமல் போனால் வார்கிராஃப்டில் 90 நாள் கழித்து அடுத்த ரேங்க்கில் உள்ளவர் பொறுப்பைக் கோரலாம், ஆனால் எல்லா விளையாட்டிலும் அப்படி இல்லை. கலைப்பதென்று முடிவானால் பேங்க் இருப்பை முதலில் பட்டியலிட்டு, ரீகியர் பாக்கியைத் தீர்த்து, மீதியைக் கடைசி மூன்று மாத உழைப்புப் புள்ளி விகிதத்தில் பிரியுங்கள். விடுப்பில் இருப்பவர்களின் பங்கை நம்பிக்கையான ஒருவர் ஐடியில் போட்டு, யாருக்கு எவ்வளவு என்று சேனலில் எழுதிவிட்டு, அதன் பிறகு கலையுங்கள்.