உயில் எழுதுவது ஒரு சாயங்கால வேலை, பெயர் பொருத்துவதுதான் பெரும்பாடு

அப்பா, அம்மா இருவரின் உயிலும் பதிவாகிக் கைக்கு வந்துவிட்டது. வங்கி, பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் நாமினியும் சரியாகிவிட்டது. நிம்மதியாக இருக்கிறது, எரிச்சலும் இன்னும் ஆறவில்லை. சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். எழுதுபவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் உயில் உயில்தான். பதிவுகூடக் கட்டாயமில்லை. அலைக்கழித்ததெல்லாம் இதற்கு வெளியே இருந்தவை. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதல் முட்டுக்கட்டை பெயர். கிரயப் பத்திரத்தில் இன்ஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அதே இன்ஷியல் தகப்பனார் பெயராக விரிந்து பின்னால் வந்திருக்கும். பாஸ்புக்கில் இன்ஷியலே இருக்காது. பட்டாவில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். பதிவு அலுவலக எழுத்தர் தாள்களைப் புரட்டிவிட்டு, "பேர் வேற வேறயா இருக்கு, கெசட்ல மாத்திட்டு வாங்க" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். வாழ்நாள் முழுக்கப் புழங்கிய பெயரை வயதான காலத்தில் கெசட்டில், அதாவது அரசிதழில் அறிவித்து மாற்றச் சொல்வது அநியாயம். அதற்குத் தேவையும் இல்லை. பெயரை மாற்றிக்கொள்வது வேறு, ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பது வேறு.

இதற்கான வழி உயிலின் முதல் வரியிலேயே இருக்கிறது. "கா. மீனாட்சிசுந்தரம் என்கிற மீனாட்சிசுந்தரம் காளிமுத்து" என்ற மாதிரி இரண்டு வடிவத்தையும் எழுதி, எந்த ஆவணத்தில் எந்த வடிவம் இருக்கிறது என்றும் சேர்த்துவிட வேண்டும். கூடவே, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம். அடுத்த முறை இந்த இரண்டையும் மேஜையில் வைத்ததும் அதே எழுத்தர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

எழுதுபவரின் பெயரோடு இது முடிவதில்லை. சொத்து யாருக்குப் போகிறதோ அவர்கள் பெயரிலும் இதே சிக்கல் வரும். மகளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இன்ஷியல் மாறியிருக்கும். பேரனுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் இருக்கும். "என் பேரன் கண்ணனுக்கு" என்று பாசத்தோடு எழுதிவிட்டால், பின்னாளில் அந்தக் கண்ணன் தான்தான் என்று நிரூபிக்க அவன் அலைய வேண்டும். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சான்றிதழில் உள்ள பெயர் மூன்றையும் எழுதுங்கள்.

அடுத்தது சொத்து விவரம். பத்திரத்தில் 112/3 என்று இருக்கும் சர்வே எண், உட்பிரிவு ஆனபின் பட்டாவில் 112/3பி2 என்று மாறியிருக்கும். பழையது, புதியது இரண்டையும் எழுதி, செக்குபந்தி (நான்கு பக்க எல்லை), பரப்பளவு, பத்திர எண், பதிவான ஆண்டு, சார்பதிவகம் எல்லாம் சேர வேண்டும். "ஊரில் உள்ள என் வீடு" என்பதெல்லாம் வழக்குக்கு அழைப்பு. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் அந்தத் தலைமுறையின் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவை மாற்றுங்கள். அந்தச் சொத்து பாகம் பிரியாமல் இருந்தால், அப்பா தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். சகோதர சகோதரிகளின் பங்கையும் சேர்த்து எழுதினால் அந்த அளவுக்கு உயில் செல்லாது.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றை உயில் எழுதும் முன்பே எடுத்துப் பாருங்கள். வீட்டுக் கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் வைத்தபோது பதிவான அடமானம், கடனை அடைத்துப் பத்திரம் கைக்கு வந்த பிறகும் சான்றில் அப்படியே நிற்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைத் தனியாகப் பதிவு செய்தால்தான் கணக்கு முடியும். வங்கியில் தரும் 'கடன் பாக்கி இல்லை' கடிதம் மட்டும் போதாது. கடன் கொடுத்த கிளை வேறு கிளையோடு இணைந்து, பழைய கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாத நிலையில் இதை முடிப்பது மிகுந்த சிரமம். கடன் வாங்கியவர் உயிரோடு இருந்து, கணக்கு எண்ணோடு நேரில் வந்து கேட்கும்போதே இத்தனை அலைச்சல். அவர் இல்லாதபோது பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்திர எழுத்தர்களிடம் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். "உயில் எதுக்கு சார், நாளைக்கு கேஸ் போடுவாங்க. இப்பவே செட்டில்மெண்ட் போட்டுடுங்க" என்பார்கள். செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது. பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும், எழுதிக் கொடுத்தவர் மனம் மாறினாலும் பொதுவாகத் திரும்ப எடுக்க முடியாது. உயிலோ, எழுதியவர் காலத்துக்குப் பின்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம், கடைசியாக எழுதியதே நிற்கும். இருக்கும் ஒரே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வீட்டிலேயே ஒண்டிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் செட்டில்மெண்டை ரத்து செய்ய வழி இருக்கிறது. ஆனால் அதன் பலன் உறுதியாகக் கிடைக்க, கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் செட்டில்மெண்ட்தான் என்று முடிவானால், அந்த நிபந்தனையும் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையும் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாட்சிகள் விஷயத்தில் பெரும்பாலானவர்கள் தவறான ஆளைப் பிடிக்கிறார்கள். அப்பாவின் வயதுள்ள நண்பர்கள் மரியாதைக்குரியவர்கள்தான், ஆனால் உயில் நீதிமன்றம் போனால் சாட்சிகளில் ஒருவராவது நேரில் வந்து சொல்ல வேண்டும். உயில் எழுதுபவரைவிட இருபது வயதாவது இளையவராக, ஊரைவிட்டு அடிக்கடி இடம் மாறாதவராகப் பாருங்கள். சொத்து பெறுபவரும் அவருடைய கணவர் அல்லது மனைவியும் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. கிறிஸ்தவர்களுக்கு, சாட்சிக்கு எழுதிய பங்கு சட்டப்படியே செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்ளும் முதல் விஷயம் அதுதான். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுபவரின் கையெழுத்து இருக்கட்டும். எழுதுபவர் நல்ல நினைவோடு இருக்கிறார் என்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அதே தேதியில் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் என்றாவது அதுதான் காப்பாற்றும்.

பதிவு நாள் சீக்கிரமே முடிந்தது, கைரேகை ஒன்றைத் தவிர. வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்காது. மறுபடி மறுபடி விரலைத் துடைத்து வைக்கச் சொல்லி, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, அம்மா கூசிப்போய் நின்றது மனதைவிட்டு அகலவில்லை. ரேகை விழாவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை டோக்கன் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நடமாட முடியாதவர் என்றால், சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதையும் கேட்காமல் சொல்லமாட்டார்கள். பதிவான உயில் வில்லங்கச் சான்றில் வராது, தனிப் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர வேறு யாருக்கும் நகல் கிடைக்காது. பதிவு செய்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று தயங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நாமினி போட்டாச்சே, உயில் எதற்கு என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், உரிமையாளர் அல்லர். ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்துக்கொள்ளலாம். உயிலில் ஒரு பெயரும் நாமினியில் வேறு பெயரும் இருந்தால் அண்ணன் தம்பிக்குள் சண்டையை நாமே எழுதி வைத்த மாதிரி. இரண்டையும் ஒத்துப் பாருங்கள்.

சேமிப்புக் கணக்கில் நாமினி இருக்கிறதே என்று ஃபிக்சட் டெபாசிட்டை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். படிவத்தைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நகரக்கூடாது. "அதெல்லாம் சிஸ்டத்துல ஏத்திடுவோம்" என்று கவுன்டரில் சொன்னது ஏறவே இல்லை, படிவமும் காணாமல் போயிருந்தது. இரண்டாவது தடவை சீல் வைத்த ஒப்புகையும், பாஸ்புக்கில் நாமினி பதிவான குறிப்பும் வாங்கிய பிறகே இடத்தைவிட்டு எழுந்தோம். பி.எஃப். வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கல்யாணத்துக்கு முன் குடும்பம் இல்லாதவராகப் போட்ட நாமினி, கல்யாணமானதும் செல்லாததாகிவிடும். இணையத்தில் புதிதாகப் போடும்போது விவரங்களைச் சேமிப்பதோடு வேலை முடியாது, ஆதார் ஓ.டி.பி. மூலம் இ-சைன் (மின்னணுக் கையெழுத்து) செய்தால்தான் பதிவாகும்.

பெண்கள் உயில் எழுதுவதை வீட்டில் யாரும் நினைப்பதே இல்லை. கணவரை இழந்த, பிள்ளைகளும் இல்லாத ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து அவரைப் பெற்றவர்களுக்குப் போகாது. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். வேலைக்குப் போகும் பெண்கள், குறிப்பாகக் கணவரை இழந்தவர்கள், இதைத் தள்ளிப்போடவே கூடாது. முஸ்லிம்களுக்குக் கணக்கு வேறு: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

பவர் பத்திரம் இருக்கிறது, மகன் பார்த்துக்கொள்வான் என்று சிலர் சொல்கிறார்கள். கொடுத்தவர் கண்மூடியதும் சாதாரண பவர் முடிந்துவிடும். அவருடைய கைப்பேசி எண்ணும் முக்கியம். வங்கி, டீமேட் (பங்குகள் வைக்கும் கணக்கு) எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும். எந்தெந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று பாஸ்வேர்டு இல்லாமல் ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். மறந்துபோன பழைய டெபாசிட்டுகளை ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் தேடலாம், பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்த பணத்தின் விவரம் அங்கே இருக்கும்.

கடைசியாக, அசல் உயிலை எங்கே வைப்பது? தனிப் பெயரில் இருக்கும் வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். லாக்கரைத் திறக்க உரிமை யாருக்கு என்று காட்டும் தாளே அந்த லாக்கருக்குள் மாட்டிக்கொள்ளும். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடமே ஒப்படைத்து வைக்கலாம், அதற்குச் சட்டத்தில் வழி உண்டு. இல்லையென்றால் உயிலை நிறைவேற்றுபவராக யாரை நியமித்திருக்கிறீர்களோ அவர் கையில் கொடுங்கள். பதிவு எண், ஆண்டு, அலுவலகப் பெயர் மூன்றையும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள், ஒருவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.